பழைய டேப்லெட்டுக்கு எந்தப் பேனா?

பேனா வாங்கக் கிளம்பும் முன் டேப்லெட்டைத் திருப்பி முதுகைப் பாருங்கள். 2017இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபேடும் 2018இல் வந்த ஆறாம் தலைமுறை ஐபேடும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதே 9.7 அங்குலத் திரை, அதே ஹோம் பட்டன். பின்னால் பொடி எழுத்தில் ஏ1822, ஏ1823 என்றிருந்தால் அது 2017. ஏ1893, ஏ1954 என்றிருந்தால் 2018. முதலாவதில் ஆப்பிள் பென்சில், அதாவது ஐபேடுக்கென்று ஆப்பிள் விற்கும் மின்னணுப் பேனா, ஒரு புள்ளிகூட வைக்காது. இரண்டாவதில் அழகாக எழுதும். செகண்ட் ஹேண்டில் விற்பவர் பலருக்கே இது தெரியாது, எனவே அவர் வாக்கை நம்ப வேண்டாம்.

ஏன் இப்படி? ஆப்பிள் பென்சிலின் நுனி ஒரு மெல்லிய மின் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்கும் திறன் திரையின் தொடுகைச் சில்லுக்கு (டச் சிப்) இருந்தால்தான் பேனாவுக்கு வேலை. சாப்ட்வேர் அப்டேட் போட்டு இதைச் சேர்க்க முடியாது. ஆக, பேனாவைத் தேர்ந்தெடுப்பது நாம் அல்ல, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சில்லுதான்.

2018 ஐபேட் வைத்திருப்பவருக்கு மூன்று வழிகள்: முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில், லாஜிடெக் நிறுவனம் ஐபேடுக்காகச் செய்யும் கிரேயான் என்ற பேனா, பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவுப் பேனாக்கள். இரண்டாம் தலைமுறைப் பென்சில், டைப்-சி பென்சில், பென்சில் ப்ரோ எதுவும் இதில் ஓடாது. விலை குறைவாகக் கிடைத்தாலும் கை வைக்காதீர்கள்.

படம் வரைபவருக்குக் கேள்வியே இல்லை, பென்சில்தான். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். அந்த அழுத்த அளவு புளூடூத் வழியாகப் போகிறது. கிரேயான் புளூடூத்தில் இணைவதில்லை, அதனால் அதில் இந்த வசதி கிடையாது. சாய்த்துப் பிடித்தால் கோடு அகலமாவது மட்டும் இரண்டிலும் உண்டு. உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதலாம் என்பதும் பொது.

ஆனால் குறிப்பெடுக்க, கணக்குப் போட, பாடம் நடத்த என்றால் என் ஓட்டு கிரேயானுக்கு. பென்சில் உருளை வடிவம். மேஜையில் வைத்தால் உருண்டு ஓடும், விழுந்தால் நுனிதான் முதலில் தரையைத் தொடும். சார்ஜ் செய்யும் விதமும் கண்றாவி. மூடியைக் கழற்றி ஐபேடின் அடியில் செருகினால் வால் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். கேபிளில் சார்ஜ் செய்ய ஒரு குட்டி அடாப்டர் பெட்டியிலேயே வரும். பழையதாக வாங்கும்போது அதுவும், மூடியும், உபரி நுனியும் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். கிரேயான் தச்சர் பென்சிலைப் போலத் தட்டை. உருளாது, நேரடியாகக் கேபிளில் சார்ஜ் ஆகும், பட்டனை அழுத்தினால் எழுதத் தயார். ஒரே வகுப்பில் நாலு ஐபேடுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், இணைக்கும் வேலை இல்லை. 2018இல் முதலில் பள்ளிகளுக்கென்றே வந்த பொருள் என்பது அதன் ஒவ்வொரு அங்கத்திலும் தெரிகிறது. குறை என்றால் பேட்டரி: பென்சில் 12 மணி நேரம் தாங்கும், கிரேயான் அவ்வளவு தாங்காது.

பழைய பென்சில் வாங்குவதில் இன்னொரு ஆபத்து. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் டிராயரில் கிடந்த பென்சிலின் லித்தியம் பேட்டரி திரும்ப உயிர் பெறாமலே போகலாம். திறந்து மாற்றுவதும் நடக்கிற காரியமில்லை. விற்பவர் எதிரிலேயே செருகி, இணைத்து, ஒரு பக்கமாவது எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

மலிவுப் பேனாக்கள் விலையில் எங்கேயோ கீழே, தரத்தில் அவ்வளவு கீழே இல்லை. அழுத்தம் அறியாது, ஆனால் கையை ஊன்றி எழுதலாம். வாங்கியதும் ஒரு சோதனை: ஸ்கேலை வைத்துச் சாய்வாக, மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு நெளிந்து நெளிந்து போனால் திருப்பி அனுப்பிவிடலாம். விளம்பரத்தைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘2018 முதல் வந்த ஐபேடுகளுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தால் நம்பிக்கை தரும். ‘எல்லா ஐபேட், ஆண்ட்ராய்டு, மொபைல்களுக்கும்’ என்று தாராளமாக அள்ளி விட்டிருந்தால், பெரும்பாலும் அது விரலைப் போல நடிக்கும் பேனா. அதில் கையை ஊன்றினால் கையும் சேர்ந்து எழுதும்.

2017 ஐபேட், ஐபேட் ஏர் 2, பேனா வசதி இல்லாத ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் எல்லாவற்றுக்கும் கதி அந்த விரல் நடிகர்கள்தான். ரப்பர் நுனிப் பேனா தேர்வு செய்ய, நகர்த்த, குழந்தைகள் வண்ணம் தீட்டப் போதும். தமிழ் எழுத ஒத்து வராது. நுனி சுண்டுவிரல் அகலம் இருப்பதால் ஞ, ணை போன்ற சுழிகளில் எங்கே வளைக்கிறோம் என்றே தெரியாது. கண்ணாடி மாதிரியான வட்டத் தகடு பொருத்திய பேனாவில் புள்ளி விழும் இடம் தெரியும். இந்த வரிசையில் எழுத உருப்படியானது அதுதான். தகட்டின் கீழே மணல் துகள் சிக்காமல் துடைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி போட்ட மெல்லிய நுனிப் பேனா பார்க்க அழகு, ஆனால் தடித்த டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிய திரையில் சில சமயம் தடுமாறும். எதுவானாலும் இவற்றுக்குப் பெரிய தொகை செலவழிப்பதில் அர்த்தமில்லை. 2011இல் இந்திய அரசு மாணவர்களுக்காகக் கொண்டுவந்த முதல் ஆகாஷ் மலிவு டேப்லெட்டுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அது அழுத்தத்தில் இயங்கும் ரெசிஸ்டிவ் திரை, நகம் பட்டாலே எழுதும்!

உண்மையில் கொடுத்து வைத்தவர்கள் எஸ் பென் என்ற சாம்சங்கின் சொந்தப் பேனாவோடு வந்த பழைய டேப்லெட் வைத்திருப்பவர்கள். கேலக்ஸி நோட் 10.1 (2012), டேப் எஸ்3 (2017), டேப் எஸ்6 லைட் (2020) போன்றவற்றின் திரைக்கு அடியில் வேகாம் நிறுவனத்தின் மின்காந்தத் தகடு ஒன்று இருக்கிறது. பேனாவுக்கு வேண்டிய சக்தியை அந்தத் தகடே காற்றில் அனுப்பிவிடும். பேனாவில் பேட்டரியும் இல்லை, சார்ஜும் இல்லை, வயதாகிச் சாகவும் வழியில்லை. அழுத்தமும் அறியும். எஸ் பென் தொலைந்தால் ஸ்டெட்லர் நோரிஸ் டிஜிட்டல் வாங்கலாம். பார்வைக்கு அசல் மரப் பென்சில், பிடிக்கவும் எஸ் பென்னைவிடத் தடிமன். லாமி நிறுவனத்தின் இ.எம்.ஆர் (இதே மின்காந்த முறை) பேனாவும் சரிப்படும், விலைதான் கூடுதல்.

இங்கேயும் இரட்டைப் பிள்ளைக் குழப்பம் உண்டு. 2016இன் டேப் ஏ 10.1 இரண்டு வகையில் வந்தது: எஸ்எம்-பி580இல் பேனாத் தகடு உண்டு, எஸ்எம்-டி580இல் இல்லை. பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

விண்டோஸ் பக்கம் மைக்ரோசாப்டின் சர்பேஸ் ப்ரோ டேப்லெட்டுகளில் முதல் இரண்டும் இதே வேகாம் தொழில்நுட்பம்தான். 2014இன் சர்பேஸ் ப்ரோ 3இலிருந்து மைக்ரோசாப்ட் வேறு முறைக்கு மாறிவிட்டது. எஸ் பென் அதில் வேலை செய்யாது.

எஸ் பென் திடீரென்று திரையின் ஒரு மூலையில் மட்டும் எழுத மறுத்தால் புதுப் பேனாவுக்கு ஆர்டர் போட அவசரப்படாதீர்கள். காந்தம் வைத்த உறையின் மூடியைப் பின்பக்கம் மடித்திருப்பீர்கள். அந்தக் காந்தம் தகட்டைக் குழப்புகிறது. உறையைக் கழற்றிவிட்டு எழுதிப் பாருங்கள்.