டிஃபன்ஸ் ஆர்டர் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள்

கோவை கணபதியில் நாலு சிஎன்சி மெஷின் வைத்து ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். பம்பு வேலை குறைந்து மெஷின் சும்மா நின்ற நேரத்தில்தான், டிஃபன்ஸ் ஆர்டர் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆள் பட்டறைக்கு வந்தார். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடத்தை (ராணுவத்துக்கான உற்பத்தியை வளர்க்கத் தேர்ந்தெடுத்த ஊர்கள்) அரசு தொடங்கியதிலிருந்து, அதில் கோவையும் இருப்பதால், இங்கே எல்லோருக்கும் ஒரு எதிர்பார்ப்பு உண்டு. "ஆர்டினன்ஸ் ஃபேக்டரியெல்லாம் இப்ப கம்பெனி ஆயிருச்சுங்கண்ணா, இனி வெளியேதான் வேலை குடுப்பாங்க" என்றார். 2021 அக்டோபரில் அந்த ராணுவத் தளவாட ஆலைகளை ஏழு அரசு நிறுவனங்களாக மாற்றியது நிஜம்தான். நிஜத்தோடு கலந்து பேசியதால் நம்பிவிட்டேன்.

வெண்டர், அதாவது சப்ளையர், பதிவுக்கு என்று 40,000 ரூபாய் வாங்கினார். அப்புறம் இஎம்டி (டெண்டருக்கு முன்கூட்டிக் கட்டும் வைப்புத்தொகை) என்று 1,50,000, அதுவும் அவருடைய கணக்குக்கு. ஒரு டிராயிங்கைக் கொடுத்து, சாம்பிள் 20 பீஸ் கேட்டார். ஈஎன் 24 ஸ்டீல் ராடு கடனுக்கு வாங்கி, மூன்று வாரம் ராத்திரி ஷிப்ட் ஓட்டினோம். பீஸை எடுத்துக்கொண்டு போனவர் அதன்பின் போனை எடுக்கவில்லை.

உண்மையிலேயே ராணுவத்துக்கு உதிரிபாகம் செய்து தரும் பீளமேட்டு அண்ணன் ஒருவரிடம் அந்த டிராயிங்கைக் காட்டினேன். "டிராயிங் நம்பர் இல்ல, யார் இன்ஸ்பெக்‌ஷன் பண்றாங்கன்னு இல்ல. எப்படிடா தம்பி வேலையை ஆரம்பிச்சே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் சொல்லித்தான் மற்றதும் தெரிந்தது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். அந்தச் சான்றிதழ் இருக்கிற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, 2012 கொள்முதல் கொள்கைப்படி, மத்திய அரசு டெண்டரில் இஎம்டியே கிடையாது. டெண்டர் படிவத்துக்கும் காசு வாங்கக் கூடாது. இறக்குமதி செய்துவந்த எந்தெந்தப் பாகங்களை இங்கேயே செய்யலாம் என்பதைப் பாதுகாப்புத் துறையே ஸ்ரீஜன் தளத்தில் போட்டிருக்கிறது. நாமே பார்த்துக்கொள்ளலாம், இடையில் ஆளே வேண்டாம். இந்த ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால் என் 1,90,000 ரூபாய் போயிருக்காது.

போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். போன வாரம் அரசூர்ப் பக்கம் ஒரு பட்டறைக்கு அதே மாதிரி டிராயிங்கோடு ஒருவர் வந்தாராம். உங்களிடமும் வந்தால், டெண்டர் நம்பரைக் கேளுங்கள். எந்த அலுவலகம் என்று கேட்டு, அங்கே நீங்களே பேசுங்கள். பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.