வீட்டு கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து திறக்க ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரையில் வீட்டு முன்னறையிலேயே அலுவலகம் வைத்து ஜிஎஸ்டி, வருமான வரி பார்க்கிறேன். 34 கிளையன்ட். மகளுக்குப் பிரசவம் சென்னையில்தான் என்று முடிவானதும் எனக்கு வந்த முதல் கவலை, 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கல்களை எங்கிருந்து போடுவது என்பதுதான். (மகள் இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

டேலி என்ற கணக்கு மென்பொருள், கிளையன்ட் ஃபைல்கள் எல்லாம் வீட்டு டெஸ்க்டாப்பில். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து இதைத் திறந்து வேலை செய்ய விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது, ஹோம் பதிப்பில் வேலை செய்யாது, என்னுடையது ப்ரோ என்பதால் பரவாயில்லை என்ற அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தேன். மற்றதைப் பார்த்துக்கொள்ள பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடைத் தம்பியைக் கூப்பிட்டேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வந்தார். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து போர்ட் ஃபார்வர்டிங்கில் 3389 என்று அடித்தார். போர்ட் என்பது இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட கதவு மாதிரி, 3389 ரிமோட் டெஸ்க்டாப்புக்கானது. அந்தக் கதவுக்கு வருவதை என் கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று ரவுட்டரிடம் சொல்வதுதான் ஃபார்வர்டிங். பிறகு தன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, என் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, 192.168.0.105 என்று அடித்தார். என் டெஸ்க்டாப் அவர் மடியில் விரிந்தது. "பாருங்கக்கா, ஓகே." எனக்கு ஒரே சந்தோஷம். 800 ரூபாய் ஜிபே செய்தேன்.

அங்கேதான் ஏமாந்தேன். 192.168 என்று தொடங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாவது. என் வைஃபையில் இருந்துகொண்டு என் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டியிருக்கிறார். ரவுட்டரின் வெளிவாசலைத் தொடவே இல்லை. அந்த 3389-ஐ அவர் அடிக்காமலே இருந்தாலும் டெஸ்க்டாப் அப்படியேதான் திறந்திருக்கும். அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் குரல் கேட்கிறது என்று காட்டிவிட்டு டிரங்க் கால் போட்டதாகக் காசு வாங்கிய கதை. சோதிப்பதென்றால் வைஃபையை அணைத்து, போனின் மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாகப் போட்டு, வெளி ஐபியை, அதாவது இணையத்துக்குத் தெரியும் நம் வீட்டு முகவரியை, அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அது திறந்த பிறகுதான் பணம்.

சென்னை போய் இறங்கிய மறுநாள் காலை, "இணைக்க முடியவில்லை". தம்பிக்குப் போன் போட்டேன். "ரவுட்டர் பழசுக்கா, மாத்தணும்." 3,650 ரூபாய்க்குப் புது ரவுட்டரை வீட்டில் இருந்த என் கணவரிடம் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பில் இல்லை. ஊருக்கெல்லாம் "பில் வாங்குங்க, கிரெடிட் எடுக்கணும்" என்று சொல்லும் நானே கேட்கவில்லை. மறுபடி அதே வைஃபையில் அதே சோதனை. இவர் போனில், "இங்க நல்லாத்தானே தெரியுது, உனக்கு மட்டும் ஏன் வரல?" என்கிறார்.

ரவுட்டரில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்று ஒரு வரி இருக்கும், இணைய கம்பெனி ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி. என்னுடையதில் 100.72 என்று தொடங்கியது. கூகுளில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் காட்டியது வேறு எண். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பிரயோஜனமில்லை. பழைய வளவு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பத்துக் குடித்தனம், தெருவுக்கு ஒரே கதவு எண். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்தக் கதவு எண்தான் தெரியும். உள்ளே நான் என் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தாலும் வாசல் கேட்டைத் திறக்கும் சாவி இணைய கம்பெனியிடம்தான். இதைச் சிஜிநாட் என்கிறார்கள். ஐபிவி4 என்ற வகை இணைய முகவரிகள் தட்டுப்பாடாகிவிட்டதால் வந்த ஏற்பாடு. 100.64 முதல் 100.127 வரையிலான எண்களை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். வான் ஐபி 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்களே இன்னொரு ரவுட்டர் மாட்டியிருந்தாலும் 192.168 வரும். அப்போது சிக்கல் உங்கள் வீட்டுக்குள்தான், பெட்டியை பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி, போட்டால் தீரலாம்.

கஸ்டமர் கேரில் நான்காவது முறை கூப்பிட்டபோதுதான் ஒரு பெண், "ஸ்டேட்டிக் ஐபி எடுத்தாத்தான் மேடம் வரும்" என்றார். நமக்கென்றே மாறாமல் இருக்கும் வெளி முகவரி அது. முதல் மூன்று பேரும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னவர்கள். 1,800 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 2,124. கட்டினேன். தம்பி மீண்டும் வந்தார், இந்த முறை 500. "எல்லாத்தையும் திறந்து விட்டுட்டேன்க்கா. இனி பிரச்சனையே வராது."

சென்னையில் டேலி திறந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலை, கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, உள்ளே வர முடியாது என்று திரையில் செய்தி. பத்து நிமிடம் கழித்து வந்தது. மதியம் மறுபடி பூட்டு. தம்பி ஓடி வந்து எதையோ மாற்றினார். பூட்டு நின்றது. காசுகூட வாங்கவில்லை. நல்ல பையன் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு, மகளைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு என் கொழுந்தனார் மகன் வந்தான். நெட்வொர்க் வேலையில் இருப்பவன். நான் சென்னையில் உட்கார்ந்து மதுரை டேலியில் அடிப்பதைப் பெருமையாகக் காட்டினேன். திரையை எட்டிப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது. "பெரியம்மா, நேரா 3389-லயா வர்றீங்க?"

விண்டோஸ் தன் நடப்புகளை எழுதி வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தான். செக்யூரிட்டி பதிவேட்டில் 4625, 4625, 4625 என்று பக்கம் பக்கமாக ஓடியது. பாஸ்வேர்டு தப்பாகப் போட்ட ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. ஒரே நொடியில் மூன்று நான்கு. என் கணக்கின் பெயர் அட்மின், கடையில் அசெம்பிள் செய்தபோது வைத்தது. அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், யூசர், டெஸ்ட் என்று பெயர் பெயராக எங்கிருந்தோ யாரோ முயன்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்து செய்வதில்லை, எல்லாம் நிரல்கள்தான். இணையம் முழுக்க 3389 எங்கே திறந்திருக்கிறது என்று தேடுவதே அவற்றின் வேலை. உள்ளே வந்துவிட்டால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பதுதான் வழக்கம்.

அந்தக் காலை வந்த பூட்டு, கோளாறே இல்லை. புதிதாக விண்டோஸ் 11 போட்ட கம்ப்யூட்டர்களில் 22எச்2 பதிப்பிலிருந்து, பத்து முறை தப்பானால் பத்து நிமிடம் கணக்கு பூட்டிக்கொள்ளும். வீட்டு நாய் குரைத்திருக்கிறது. தம்பி வந்து அந்தப் பூட்டு ஏற்பாட்டை அணைத்து, நாயை அவிழ்த்து விரட்டிவிட்டுப் போயிருக்கிறார். 'எல்லாத்தையும் திறந்து விட்டது' என்றால் டிஎம்இசட்டில் என் டெஸ்க்டாப்பை வைத்தது. அதாவது 3389 மட்டுமல்ல, எல்லா போர்ட்டும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலையும் முழுதாக அணைத்திருந்தார்.

பாஸ்வேர்டு நல்லதாக இருந்தால் போதாதா என்று கேட்டேன். 2019-இல் புளூகீப் என்று ஒரு ஓட்டை வந்ததாம். பழைய விண்டோஸில் பாஸ்வேர்டே தெரியாமல் இதே வழியாக உள்ளே வந்துவிடலாம். 2014-இலேயே கைவிட்ட எக்ஸ்பி-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அதற்காக ஒட்டுப் போட்டுக் கொடுத்தது. போர்ட் எண்ணை 3390 என்று மாற்றிக்கொண்டாலும் ஒளிந்ததாக அர்த்தமில்லை, தேடுகிறவை எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கும் என்றான். பாஸ்வேர்டை மட்டும், தம்பி சொன்னபடி அட்மின்@123 என்று மாற்றாமல் என்னுடையதையே வைத்திருந்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அப்புறம் யூசர் பட்டியலைத் திறந்தான். என் பெயருக்குக் கீழே இன்னொரு கணக்கு: சப்போர்ட். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு.

தம்பிக்குப் போன் போட்டேன். கூச்சமே இல்லாமல் சொன்னார்: "நீங்க அடிக்கடி கூப்பிடுறீங்கள்லக்கா, நானே கடைலேருந்து உள்ள வந்து பார்த்துக்கலாம்னு வச்சேன். எல்லா கஸ்டமருக்கும் வைக்கிறதுதான்." பாஸ்வேர்டு? அட்மின்@123.

உள்ளே வந்தவர்களை மட்டும் எழுதி வைக்கும் இன்னொரு பதிவேடு உண்டு. அதில் சப்போர்ட் என்ற பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்று, அவர் வீட்டுக்கு வந்த அன்று மாலை, எங்கள் வீட்டு முகவரியிலிருந்தே. இன்னொன்று வெள்ளிக்கிழமை அதிகாலை 2.17, வெளி ஐபி. "நானா இருக்கலாம்க்கா. ஞாபகம் இல்ல." செக்யூரிட்டி பதிவேட்டைப் பார்க்கலாமென்றால் அது 20 எம்பி நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே போகும். தப்பான முயற்சிகளே அதை நிரப்பிவிட்டதால் முந்தைய நாள் காலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

"பெரியப்பாவ அந்த நெட் ஒயரைப் புடுங்கச் சொல்லுங்க, இப்பவே" என்றான்.

அடுத்த சனிக்கிழமை மதுரைக்கே போய் டிஸ்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். டேலி பேக்கப் வெளி டிஸ்கில் இருந்ததால் பிழைத்தேன். தம்பி 3,650-க்கு விற்ற ரவுட்டரை நோண்டியவன் சிரித்தான். அதிலேயே விபிஎன் சர்வர், அதாவது சாவி உள்ளவர்கள் மட்டும் வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் வழி, இருந்தது. டிஎம்இசட், 3389 இரண்டையும் மூடிவிட்டு அதில் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டுக் கொடுத்தான். இப்போது லேப்டாப்பில் முதலில் விபிஎன்-னை இணைப்பேன், பிறகு அதே 192.168 முகவரியை அடிப்பேன். சாவி இல்லாமல் வெளியிலிருந்து தட்டுகிறவர்களுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. ஸ்டேட்டிக் ஐபி இல்லாதவர்கள், சிஜிநாட்டுக்குப் பின்னாலிருந்தும் வேலை செய்யும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் போட்டுக்கொள்ளலாம். ஆக, ரவுட்டரும் மாற்றியிருக்க வேண்டாம், 2,124-உம் கட்டியிருக்க வேண்டாம்.

இப்படி ஒரு 'சர்வீஸ்' உங்கள் வீட்டுக்கு வந்துபோயிருந்தால் இன்றே யூசர் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரில் டிஎம்இசட் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். எனக்குப் போனது பணமா, வேறெதுவுமா என்றே தெரியாததால் அங்கே என்ன சொல்வது என்று விளங்கவில்லை.

ஏனென்றால் டெஸ்க்டாப்பில் ஓர் எக்செல் ஃபைல் இருந்தது. 34 பேரின் ஜிஎஸ்டி லாகின், வருமான வரி லாகின், எல்லா பாஸ்வேர்டும் ஒரே இடத்தில். வெள்ளி அதிகாலை 2.17-க்கும் அது அங்கேதான் இருந்தது.

பேத்தி பிறந்த வாரம், ஒரு கையில் தொட்டில் கயிறும் ஒரு கையில் போனுமாக 34 பேரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, ஓடிபி வாங்கி ஒவ்வொன்றாக பாஸ்வேர்டை மாற்றினேன். திட்டுவார்கள் என்று பயந்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். கீழமாசி வீதிக் கடைக்காரர் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்குத் தனியா ஃபீஸ் உண்டா மேடம்?" என்றார்.