ஏலகிரி ட்ரெக்கிங்குக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போன நவம்பரில் இன்ஸ்டா விளம்பரம் பார்த்து, ஏலகிரி சுவாமிமலைக்கு ஒருநாள் ட்ரெக்கிங் என்று தலைக்கு 2,200 ரூபாய் ஜிபே செய்தோம், நானும் ஆபீஸ் தோழிகள் இருவரும். வேன், டிபன், கைடு, வனத்துறை அனுமதி, இன்ஷூரன்ஸ், மழைக்கோட்டு எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மதியமே திருப்பத்தூர் மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கை வந்துவிட்டது. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர். மலைப்பாதையில் அது விளையாட்டில்லை. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டேன். "மேடம், மழைலதான் ட்ரெக்கிங்கே செம! கேன்சல் பண்ணா ரீஃபண்ட் கிடையாது" என்று பதில் வந்தது. கட்டிய காசு போகுமே என்று கிளம்பியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இரவு 11 மணிக்குச் சென்னை கத்திப்பாராவில் வேன் ஏறினோம். விடியற்காலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மங்கலம் கிராமத்தில் இறங்கும்போதே காற்று குடையைப் புரட்டிப்போட்டது. மொத்தம் 26 பேர். மழைக்கோட்டு என்று கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தால் கறுப்புக் குப்பைக் கவர்! தலை நுழைய அடியில் கத்தரியால் ஓர் ஓட்டை. கை வெளியே வர வழியே இல்லை. வழுக்கினால் எதைப் பிடிப்பது? பத்தாவது நிமிஷம் என்னுடையது தோளோடு கிழிந்து, கட்சிக்கொடி மாதிரி படபடக்க ஆரம்பித்தது.

கைடு ஒரு கல்லூரிப் பையன். தானும் முதல் தடவையாக வருவதாகப் பாதி வழியில்தான் சொன்னான். பாவம், அவன் காலில் ரப்பர் செருப்பு. உச்சி 4,338 அடி. அதற்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் வழியும் பாறையில் நிற்கவே முடியாதபடி காற்று. தோழி சறுக்கி விழுந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டு வீங்கியது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் நாலு பேண்ட்-எய்டும் ஒரு தலைவலித் தைலமும். துப்பட்டாவில் கையைத் தூக்கிக் கட்டி இறக்கினோம்.

கீழே வரும்போது வனக்காவலர் மறித்தார். "இந்தக் காத்துல எவன்யா உங்கள மேல ஏத்துனது? டிக்கெட் எங்க?" ஏற்பாட்டாளர் போனில் ஒரு கடிதத்தைக் காட்டினார். காவலர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தேதி பிப்ரவரி. ஆட்கள் 12.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சென்னையிலிருந்து போனவர்களும் இறந்தார்களே, அதற்கு அப்புறம் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தையும் தொடங்கியது. சுவாமிமலையும் அதில் இருக்கிறது. ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். இது தெரியாமல்தான் நாங்கள் ஏமாந்தோம். வேறு யாரோடு போனாலும், பணம் அனுப்பும் முன்பே உங்கள் பெயரும் தேதியும் போட்ட டிக்கெட்டைக் கேளுங்கள். "அங்க போய் பாத்துக்கலாம்" என்றால் வேண்டாம்.

இன்ஷூரன்ஸா? பாலிசி நம்பர் கேட்டதும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். எக்ஸ்ரே, மாவுக்கட்டு எல்லாம் சொந்தச் செலவு.

அன்று ராத்திரியே அடிவாரத்தில் எடுத்த குரூப் போட்டோவைப் போட்டு, அடுத்த வாரத்துக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஓரத்தில் நின்ற என் தோழியை மட்டும் துப்பட்டாக் கட்டோடு வெட்டிவிட்டார்கள்.