மேற்குச் சுவருக்கு நான்கு பதில்கள்

மேற்கு வெயில் படும் முகப்புக்கு இரட்டைக் கண்ணாடியா, வெளிப்புறச் சாய்தகடுகளா, ஆழமான சன்ஷேடா? உரிமையாளர், கட்டடக் கலைஞர், செலவு மதிப்பீட்டாளர், பராமரிப்புப் பொறியாளர் என நால்வரிடம் கேட்டால் நான்கு பதில் வரும். 1947இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் லாரன்ஸ் மைல்ஸ் உருவாக்கிய மதிப்புப் பகுப்பாய்வு, ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது, அந்த வேலைக்கு என்ன செலவு என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது. ஆனால் அந்த நால்வரையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவரும் வழி எது என்பதில்தான் போட்டி.

பரவலாகப் புழங்குவது எடையிட்ட மதிப்பெண் அட்டவணை. செலவு, வெளிச்சம், பராமரிப்பு போன்ற அளவுகோல்களுக்கு எடை, ஒவ்வொரு தெரிவுக்கும் மதிப்பெண், பெருக்கிக் கூட்டினால் விடை. அரை மணி நேரத்தில் முடியும். பிடிக்காத விடை வந்தால் எடையைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்த விடையை வரவழைக்கவும் அதே அரை மணி போதும்.

தாமஸ் சாட்டி 1970களில் வளர்த்தெடுத்த படிநிலைப் பகுப்பாய்வு (ஏ.எச்.பி.) இதைவிடக் கறாரானது. அளவுகோல்களை இரண்டிரண்டாக 1 முதல் 9 வரை ஒப்பிட வேண்டும். 8 அளவுகோல் என்றால் 28 ஒப்பீடுகள். ஒருவர் தன் பேச்சுக்குத் தானே முரண்பட்டால், 0.10 என்ற முரண் வரம்பு அதைக் காட்டிக்கொடுக்கும். சிக்கல் குழுவில்தான். பராமரிப்பைவிடச் செலவு 9 மடங்கு முக்கியம் என்கிறார் உரிமையாளர்; பொறியாளர் அப்படியே தலைகீழாகச் சொல்கிறார். குழுவின் விடைக்கு இந்த முறையில் எடுப்பது பெருக்குச் சராசரி; 9, 1/9 இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1. அதாவது இரண்டும் சமம்! மேசையில் ஒருவர்கூடச் சொல்லாத கருத்து குழுவின் கருத்தாகிவிட்டது.

அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்ட் 1950களில் உருவாக்கிய டெல்ஃபி, பெயர் வெளியிடாமல் பல சுற்றுக் கேள்வித்தாள் அனுப்பும் முறை. நிபுணர்கள் வெவ்வேறு ஊரில் இருந்தால் சரி. வரைபடத்தை விரித்துப் பேச வேண்டிய வேலைக்கு மெதுவானது. ஒரே அறையில் கூடுபவர்களுக்கு டெல்பெக், வான் டி வென் இருவரின் பெயரளவுக் குழு முறை பொருந்தும். முதலில் மௌனமாக எழுத வேண்டும், பிறகு முறைவைத்து வாசிக்க வேண்டும், விளக்கம் கேட்ட பின் தனித்தனியே வாக்கு. உரத்த குரல்காரர் முதல் பத்து நிமிடம் வாயைத் திறக்க முடியாது என்பதற்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

தேர்வு செய்யும் கட்டத்தில் என் ஓட்டு, அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய ஜிம் சூர் உருவாக்கிய சாதகத் தேர்வு முறைக்கு. இதில் அளவுகோலுக்கு எடை கிடையாது. தெரிவுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்குத்தான். பகல் வெளிச்சம் உயிர்நாடி என்று எல்லோரும் சொல்லட்டும். மூன்று தெரிவும் ஒரே அளவு வெளிச்சம் தந்தால் அதற்குப் பூஜ்யம். சாய்தகடு வெப்பத்தை எவ்வளவு கூடுதலாகத் தடுக்கிறது, கண்ணாடியைத் துடைக்க எத்தனை முறை சாரம் கட்ட வேண்டும் என்று பேச்சு தரைக்கு வந்துவிடும். செலவு தனியாக நிற்கும். கடைசியில்தான் சாதகங்களோடு ஒப்பிடப்படும். ஆனால் கைவசம் தகவல் வேண்டும்; கோட்டோவிய நிலையில் இந்த முறை நொண்டும்.

ஏ.எச்.பி.தான் வேண்டும் என்று உரிமையாளர் பிடிவாதம் பிடித்தால், நால்வரின் தாளையும் சராசரி எடுக்கும் முன்பு சுவரில் ஒட்டச் சொல்வேன். அந்த 9ஐயும் 1/9ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபின் சராசரிக் கணக்குக்கு அவசரப்படுபவர் குறைவு.