ஹாரி பார்ட்ச் டிவிடிகள்: கேட்டால் போதாது, பார்க்கணும்

ஹாரி பார்ட்சின் இசையை எங்கேயோ ரெண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, ஒன்றும் பிடிபடவில்லை என்று மூடிவைத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரை வெறும் ஒலியாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். இன்னோவா என்ற அமெரிக்க இசைப்பதிவு நிறுவனம் ‘என்க்ளோஷர்’ என்ற பெயரில் அவருடைய பதிவுகளை வரிசையாக வெளியிட்டிருக்கிறது, அதில் 7, 8 இரண்டும் டிவிடி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து கடுப்பேற்றியது உண்மை, ஆனாலும் வாங்கியதில் வருத்தமில்லை.

ஆள் யாரென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1901இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்த இசையமைப்பாளர். பியானோவின் 12 சுரங்கள் சுருதி சுத்தமில்லாதவை என்று முடிவுகட்டி, ஒரு ஸ்தாயியை, அதாவது ஸ முதல் மேல் ஸ வரை, 43ஆகப் பிரித்தார், அதை வாசிக்கக் கடையில் வாத்தியம் கிடைக்காதே, அதனால் தானே செய்துகொண்டார். அதுவரை எழுதியதையெல்லாம் 1930இல் அடுப்பில் போட்டு எரித்தவர். பொருளாதார மந்தக் காலத்தில் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர். 1974இல் இறந்தார்.

43 என்றதும் மிரள வேண்டாம். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த சமாச்சாரம். தம்புராவை ஒழுங்காகச் சேர்த்தால் மந்தரத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் என்ற ‘க’ கேட்கும், அதிர்வெண் ஷட்ஜத்துக்கு (‘ஸ’) 5/4 விகிதம். கீபோர்டில் இருப்பது அதைவிடக் கொஞ்சம் தூக்கல். இந்தக் ‘கொஞ்ச’த்துக்காகத்தான் மனிதர் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். நம் பக்கத்திலும் இதே பைத்தியம் பிடித்தவர்கள் உண்டு: தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் ஒரு ஸ்தாயிக்குச் சுருதி 22 இல்லை, 24 என்று 1917இல் கருணாமிர்த சாகரம் என்று அத்தனை பெரிய புத்தகமே போட்டார், விபுலானந்தர் தொலைந்துபோன யாழைக் கணக்குப் போட்டு மீட்கப் பார்த்தார். பார்ட்சும் கித்தாரா என்ற பழைய கிரேக்கத் தந்தி வாத்தியத்தை ஆளுயரத்துக்குத் தானே மறுபடி செய்தவர்தான்.

சரி, படங்களுக்கு வருவோம். முதலில் 7ஆம் டிவிடியில் இருக்கும் ‘தி ட்ரீமர் தட் ரிமெய்ன்ஸ்’. ஸ்டீஃபன் பூலியோ எடுத்தது, பார்ட்சின் கடைசி வருடங்கள். கிழவர் கறாரும் கிண்டலுமாகப் பேசுகிறார், வாத்தியங்களுக்கு நடுவே நடக்கிறார். படத்தில் சேராத துண்டுக் காட்சி ஒன்றில் ரோஜா இதழ் ஜாம் கிளறுகிறார், நம்ம குல்கந்துக்குப் பக்கத்து வீடு. அதிலும் அதே பொறுமை, அதே பிடிவாதம்.

அப்புறம் 8ஆம் டிவிடியில், 1958இல் மேடலின் டூர்டெலோ எடுத்த ‘மியூசிக் ஸ்டுடியோ’. எனக்கு இதுதான் உச்சம். சின்னப் படம், கதையில்லை, பாவனையில்லை, அவரே ஒவ்வொரு வாத்தியமாகக் காட்டி வாசிக்கிறார். பெர்க்லி கதிரியக்க ஆய்வுக்கூடம் கழித்துப்போட்ட பெரிய பைரெக்ஸ் கண்ணாடிக் குடுவைகளை வெட்டிச் சட்டத்தில் தொங்கவிட்டிருப்பார், அதற்குக் ‘கிளவுட் சேம்பர் பவுல்ஸ்’ என்று பெயர். மெத்தென்ற கோலால் தொட்டதும் ஜலதரங்கத்தைவிடக் கனமாக, கோயில் மணியைவிட மென்மையாக ஒரு நாதம். கூட உட்கார்ந்து பார்த்த மல்லேஸ்வரம் மாமா கடம் வாசிப்பவர். “நம்ம பானை உடைஞ்சா மானாமதுரையில இன்னொண்ணு சொல்லிக்கலாம், இவர் எங்க போவார்?” என்றார். நியாயமான கவலை, அந்தக் கிண்ணங்கள் உடையவும் உடைந்திருக்கின்றன.

‘யு.எஸ். ஹைபால்’ அந்தச் சரக்கு ரயில் வாழ்க்கையிலிருந்து வந்த படைப்பு, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சிகாகோவரை. ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டில் வரும்போது ராத்திரி ரயிலில் தூக்கக் கலக்கத்தில் ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் என்று காதில் விழுவது மாதிரியேதான் இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் ஆட்களுக்கு வாசித்த ஒரு படமும் உண்டு, ஒருமுறை பார்க்கலாம்.

பெயர்பெற்றது ‘டெல்யூஷன் ஆஃப் தி ஃப்யூரி’. 1969இல் லாஸ் ஏஞ்சலஸில் மேடையேறியது. வாத்தியங்களே அரங்க அமைப்பு, வாசிப்பவர்களே பாடி ஆடவும் வேண்டும். முதல் பாதி ‘நோ’ என்ற ஜப்பானிய மரபு நாடக வழியில், இரண்டாவது எத்தியோப்பியக் கதை: காது கேளாத நாடோடிக்கும் ஆடு தொலைத்த கிழவிக்கும் தகராறு, தீர்ப்பு சொல்ல வரும் நீதிபதிக்கும் காது கேட்காது, கண்ணும் மங்கல். நியாயமாகப் பார்த்தால் இதுதான் அவருடைய பெரிய சாதனை, ஆனால் படமாக என்னைச் சோதித்தது. உடையும் பாவனையும் பழசாகிவிட்டன. அதைவிட எரிச்சல், ஒரு வாத்தியம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துக் கேமரா நடிகர்கள் பக்கம் போய்விடுகிறது. கையைக் காட்டுங்கய்யா!

இன்னொன்று, டிவி ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். மரிம்பா எரோய்கா என்ற பிரம்மாண்டமான மரக்கட்டை வாத்தியத்தின் கீழ்ச்சுரம் ஏறத்தாழ 22 ஹெர்ட்ஸ், அதைச் சாதாரண ஸ்பீக்கர் எழுப்பவே எழுப்பாது. சப்வூஃபர் போட்டால் தரையில் உணரலாம். அபார்ட்மெண்ட்வாசிகள் பகலில் போட்டுக்கொள்வது உசிதம்.

பிள்ளைகளோடு பார்த்தால், முடிந்ததும் எதையாவது தட்டக் கை பரபரக்கும். பெங்களூரு ஜே.பி. நகர் இசை அருங்காட்சியகத்தின் ஒலித் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள், அங்கே தட்டினால் யாரும் திட்டமாட்டார்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 7. ‘மியூசிக் ஸ்டுடியோ’வுக்காக 8ஐயும் பிறகு வாங்குங்கள். வீட்டில் டிவிடி பிளேயர் இல்லையென்றால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டரில் செருகும் யூஎஸ்பி டிவிடி டிரைவ் கிடைக்கும், பேரம் பேசுங்கள்.