ஹெண்டர்சன் பாலமா, மெக்ரிட்சி காடா, பழைய ரயில் தடமா?

ஊரிலிருந்து வந்த உறவினரை முதல் நாள் தேக்காவுக்கும் மறுநாள் செந்தோசாவுக்கும் கூட்டிப்போய் முடித்தபின், மூன்றாம் நாள் கேள்வி வரும்: “காலாற எங்கேயாவது நடந்துவிட்டு வரலாமா?” சிங்கப்பூரில் இதற்குப் பதில் சொல்வது எளிது. சரியான பதில் சொல்வதுதான் கொஞ்சம் சிரமம். அரை நாளில் நடந்து முடிக்க ஏற்றவை என்று நால்வரைக் கேட்டால் மூவர் சொல்வது சதர்ன் ரிட்ஜஸ், மெக்ரிட்சி, ரயில் காரிடார், ஆற்றோரம் ஆகிய இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். நான்குக்கும் கட்டணம் இல்லை. நான்கும் அழகு. அதனால் அழகை வைத்துத் தேர்ந்தெடுக்கப் போனால் முடிவே வராது. பார்க்க வேண்டியவை மூன்று: தலைக்கு மேல் நிழல் இருக்கிறதா, காலுக்குக் கீழே என்ன தரை, பாதியில் முடியாமல் போனால் எங்கே வெளியேறலாம். நடை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான்.

சதர்ன் ரிட்ஜஸ்

மவுண்ட் ஃபேபர், தெலுக் பிளாங்கா குன்று, ஹார்ட்பார்க், கெண்ட் ரிட்ஜ், லாப்ரடார் ஆகியவற்றைப் பாலங்களால் கோத்த 10 கிலோமீட்டர் தொடர் இது. முழுதும் நடப்பவர்கள் குறைவு. ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்திலிருந்து அலெக்சாண்ட்ரா சாலைப் பக்கமுள்ள ஹார்ட்பார்க் வரை, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடந்தாலே அதன் சாரம் கிடைத்துவிடும். நின்று படம் எடுக்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் வையுங்கள்.

எந்தப் பக்கத்தில் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தின் டி வாசலில் வெளியே வந்தால் மராங் டிரெயில். மரநிழலில் போகும் படிக்கட்டு, கால் மணி நேரம் ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அன்றைய நடை அங்கேயே முடிந்துவிடும். மற்றவர்களுக்கு இதுவே நல்ல வழி, ஏனென்றால் உடம்பு புதிதாக இருக்கும்போதே ஏற்றம் கழிந்துவிடுகிறது. மறுபக்கம் தொடங்கினால், களைத்த காலோடு ஈரம் காயாத இந்தப் படிகளில் இறங்க வேண்டிவரும். ஏறுவதைவிட அப்போதுதான் வழுக்கும்.

ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் 2008இல் திறக்கப்பட்டது. 274 மீட்டர் நீளம், சாலையிலிருந்து 36 மீட்டர் உயரம். தளம் முழுக்க பாலாவ் மரப்பலகை. அலைபோல் எழும் வளைவுகளின் உட்குழிவுகள் உட்கார இடமாகவும் பயன்படுகின்றன. மாலை 7 மணியிலிருந்து பின்னிரவு 2 மணிவரை விளக்கு எரியும். மதியம் ஒரு மணிக்குப் போனால் பலகைச் சூட்டில் உட்கார முடியாது, படத்திலும் வானம் வெளுத்துத்தான் விழும். மாலை ஆறரைக்குப் பாலத்தில் இருப்பதுபோல் கணக்குப் போடுங்கள். இங்கே சூரியன் மறைவது ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான்.

அடுத்து வரும் ஃபாரஸ்ட் வாக்கைப் பலர் முன்கூட்டி யோசிப்பதில்லை. 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு மர உச்சிகளின் ஊடே வளைந்து வளைந்து போகும் இரும்பு நடைபாதை. தளம் கெட்டித் தகடு இல்லை, கம்பி வலை. குனிந்தால் காலுக்கடியில் நேரே காட்டுத் தரை தெரியும். உயரம் என்றால் தலை சுற்றுபவர்களுக்கு முதல் இருபது அடியிலேயே தெரிந்துவிடும், திரும்பிவிடலாம். கீழே மண்பாதை ஒன்றும் உண்டு. மெல்லிய குதி வைத்த செருப்பு வலைக்கண்ணில் சிக்கும், கையிலுள்ள வீட்டுச்சாவி நழுவினால் மீளாது. மரங்களுக்கு நடுவே போகிறோம் என்பதால் நிழல் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. நடைபாதை மர உச்சி மட்டத்தில் இருப்பதால் வெயில் நேராகத் தலையில் இறங்கும். இடையில் இறங்கும் வழிகளும் குறைவு. மழை மேகம் திரண்டிருந்தால் ஏறாதீர்கள்.

சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் மராங் படிகளை மறந்துவிடுங்கள். ஹார்ட்பார்க்கிலிருந்து தொடங்கி, 80 மீட்டர் நீள அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலத்தைக் கடந்து ஃபாரஸ்ட் வாக்கில் ஏறலாம். சரிவு மென்மையானது, ஆனால் நீளமானது. தள்ளுவதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஹெண்டர்சன் பாலம் மட்டும் போதும் என்றால் வாடகை வண்டியில் மவுண்ட் ஃபேபர் மேலேயே இறங்கிக்கொள்வது உத்தமம். ஹெண்டர்சன் சாலையில் பேருந்தில் இறங்கினால் மறுபடி படிக்கட்டுதான்.

தெம்பு மிச்சமிருந்தால் கெண்ட் ரிட்ஜ் வரை நீட்டி பாசிர் பாஞ்சாங் எம்ஆர்டியில் இறங்கலாம். வழியிலுள்ள புக்கிட் சண்டுவில், 1942 பிப்ரவரி 14 அன்று மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்த்துக் கடைசிவரை நின்றது. ‘சண்டு’ என்றால் அபின்.

மெக்ரிட்சி

சதர்ன் ரிட்ஜஸ் வெயிலில் மெக்ரிட்சியை நினைத்து ஏங்கத் தோன்றும். சிங்கப்பூரின் மிகப் பழைய நீர்த்தேக்கம் இது, 1868இல் கட்டி முடித்தது. சுற்றிலும் காடு. நான்கில் இங்கேதான் நிழல் அதிகம். ஏமாற்றமும் இங்கேதான் அதிகம், காரணம் தூரம்.

எல்லோரும் தேடி வருவது ட்ரீடாப் வாக் தொங்குபாலத்தைத்தான். 250 மீட்டர் நீளம், காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் வரை உயரம், 2004இல் திறந்தது. பெயரைக் கேட்டால் வாசலிலேயே இருப்பதுபோல் தோன்றும். நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து தொடங்கினால் போய்த் திரும்ப 10 கிலோமீட்டருக்கு மேல். வீனஸ் டிரைவ் பக்கமிருந்து, விண்ட்சர் இயற்கைப் பூங்கா வழியாக நுழைந்தால் ஏறத்தாழ 6, 7 கிலோமீட்டரில் முடிந்துவிடும். பாலம்தான் நோக்கம் என்றால் வீனஸ் டிரைவ், காடும் ஏரிக்கரையும் வேண்டும் என்றால் நீர்த்தேக்கப் பூங்கா. அப்பர் தாம்சன் எம்ஆர்டி வந்தபிறகு வீனஸ் டிரைவுக்குப் போக கார் தேவையில்லை, நிலையத்திலிருந்து இருபது நிமிடம் நடந்தால் போதும். பூங்கா வாசலுக்கு மேரிமவுண்ட் அல்லது கால்டிகாட்.

பாலம் திங்கட்கிழமை மூடியிருக்கும், பொது விடுமுறையாக இருந்தால் தவிர. மற்ற நாள்களில் காலை 9 மணிக்கும் வாரஇறுதியில் எட்டரைக்கும் திறந்து மாலை 5க்கு மூடுவார்கள். உள்ளே விடுவது அதற்குச் சற்று முன்பே நின்றுவிடும். மதியம் மூன்றரைக்கு நீர்த்தேக்கப் பூங்காவில் கிளம்புகிறவர்கள் பாலத்துக்கு வரும்போது கதவு சாத்தியிருப்பது அடிக்கடி நடப்பதுதான். மழை, மின்னலுக்கும் மூடுவார்கள். பராமரிப்புக்காகச் சில சமயம் நாள்கணக்கிலும் மூடல் உண்டு. கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழக இணையப்பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சதர்ன் ரிட்ஜஸுக்கும் சேர்த்து.

பாலம் ஒருவழிப்பாதை. ஆள் ஒருவர் போகும் அகலம்தான். நடுவில் நின்று படமெடுத்தால் பின்னால் வரிசை கட்டிவிடும். பாலம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அதற்குப் பிறகு வரும் பெட்டாலிங் பாதையில் மரப்படிகள் ஏற்ற இறக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். முழங்காலுக்குச் சோதனை அங்கேதான், தண்ணீர் தீர்ந்துபோவதும் அங்கேதான். பாலத்துக்கு முன் வரும் ரேஞ்சர் ஸ்டேஷனில் கழிப்பறையும் தண்ணீரும் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

தரை செம்மண்ணும் சரளையும், குறுக்கே வேர்களும். மழை பெய்த மறுநாளும் வழுக்கும். அடிப்பகுதி தேய்ந்த ஓட்டக் காலணி இங்கே ரப்பர் செருப்புக்குச் சமம். நடுக்காட்டில் வெளியேறும் வழி கிடையாது, வாடகை வண்டி வராது. பாதி தூரம் வந்தபின் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தூரம்தான்.

குரங்குகள். நீளவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம், உள்ளே வெறும் துண்டு இருந்தாலும் பறித்துவிடும். பையை முதுகுப்பைக்குள் வையுங்கள். வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். பாவமாக இருக்கிறதே என்று ஒரு முறுக்கு போட்டாலும் குற்றம்தான். வனவிலங்குகளுக்கு உணவளித்தால் முதல்முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

ரயில் காரிடார்

உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை மலாயா ரயில் ஓடிய தடம், 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 அன்று கடைசி வண்டி போனது, மறுநாள் நிலம் சிங்கப்பூர் வசம் வந்தது. ரயில் வண்டி ஓடப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அப்பா அம்மாவோடு பேசிக்கொண்டே நடக்க இதைவிட நல்ல பாதை இல்லை என்பது எங்கள் கட்சி. முழுதும் நடந்து தீர்ப்பது மட்டும் வேண்டாம். வடக்குப் பகுதியில் நிழல் குறைவு, வெயிலுக்குக் கிடைக்கும் பலனும் குறைவு.

நடக்க வேண்டியது ஹில்வியூ எம்ஆர்டி அருகிலிருந்து புக்கிட் தீமா ரயில் நிலையம் வரையுள்ள 4 கிலோமீட்டர். ஒருபுறம் புக்கிட் தீமா காடு, தொடக்கத்திலும் முடிவை ஒட்டியும் இரண்டு இரும்புப் பாலங்கள். நிலையமும் பாலங்களும் 1932 பாதையைச் சேர்ந்தவை. பாலத்தின் மேல் தண்டவாளம் இன்னும் இருக்கிறது. நிலையத்தைப் புதுப்பித்து 2022இல் திறந்தார்கள். ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிர் வண்டிகள் விலகுவதற்கு இங்கே நிற்கும். ஓட்டுநர் நிலையக்காரரிடம் ஒரு டோக்கனைக் கொடுத்து அடுத்த பகுதிக்கான டோக்கனை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப முடியும். அந்த டோக்கன் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே தடம். கடைசி நாள்வரை இந்த முறைதான் இருந்தது.

நடை அங்கே போதும் என்றால் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி பக்கத்திலேயே இருக்கிறது. தொடர்ந்தால் தெற்குப் பகுதி 10 கிலோமீட்டர், ஸ்பூனர் சாலை வரை. அதில் ஏறக்குறைய பாதியில் போனவிஸ்தா, அதைத் தாண்டி தங்ளின் ஹால்ட். தமிழர்களுக்கு இந்தப் பகுதியில் தனிக் காரணம் ஒன்று உண்டு. குவீன்ஸ்வே ரயில்வே குடியிருப்பில் இருந்த தொழிலாளர்கள் 1932இல் சிறு கோவிலாகத் தொடங்கியதுதான் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோவில். முன்பு முனியாண்டி கோவில் என்றே பெயர். தடத்தில் நடந்துவந்து இங்கே கும்பிட்டுவிட்டு, காமன்வெல்த் அல்லது குவீன்ஸ்டவுன் நிலையத்தில் வண்டி பிடிக்கலாம். பொதுவாக நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் ஏழரைக்கே நடக்கத் தொடங்கிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. பெரும்பகுதியில் விளக்கு கிடையாது, இருட்டியபின் வேண்டாம். தரை அழுத்திய பொடிச்சரளை. மழைக்குப் பிறகு குட்டை தேங்கும், சைக்கிள் கடந்தால் கணுக்கால்வரை சேறு தெறிக்கும். சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து மணியடித்தால் இடப்பக்கம் ஒதுங்குங்கள், சட்டென்று குறுக்கே பாய்வதுதான் மோதலுக்குக் காரணமாகிறது. தெற்குப் பகுதியில் புல்வெளி அதிகம், பத்து மணிக்கு மேல் வெயில் கடுமை.

ஆற்றோரம், இரவில்

இது வேறு ரகம். முழுக்கச் சமதளம், கழிப்பறைக்கும் எம்ஆர்டிக்கும் பஞ்சமில்லை, எந்த இடத்திலும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். பகலில் நடந்தால் கருங்கல் தரையும் கண்ணாடிக் கட்டடங்களும் சேர்ந்து வறுத்துவிடும். மாலை ஏழுக்குப் பிறகுதான் இதற்கு நேரம்.

தைப்பூசக் காவடிகள் வந்துசேரும் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலில் தொடங்குங்கள். 1859இல் நகரத்தார் கட்டியது. அங்கிருந்து கிளார்க் கீ, எல்ஜின் பாலம், கவனா பாலம். கவனா பாலம் 1869இல் கட்டியது, கால்நடைகளையும் குதிரைகளையும் தடைசெய்யும் பழைய அறிவிப்புப் பலகை இன்றும் அதன் முகப்பில் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் ஆசிய நாகரிக அரும்பொருளகம், அதன் பக்கத்தில் வெள்ளைக் கல்தூண் ஒன்று. 1850இல் இந்திய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு வந்துபோனதற்காக எழுப்பியது. சுற்றுலாக் கூட்டம் மெர்லயன் சிலையைப் பார்க்க அதைத் தாண்டி ஓடிவிடும். நின்று சுற்றிவந்தால் ஒரு பக்கத்தில் தமிழ்க் கல்வெட்டு. ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம் மற்ற பக்கங்களில். அங்கிருந்து மரினா பே வளையம் 3.5 கிலோமீட்டர், ஹீலிக்ஸ் பாலத்தில் பேஃபிரண்ட் நிலையத்துக்குப் பிரிந்துவிடலாம்.

நான்குக்கும் பொதுவாக: இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மெக்ரிட்சிக்கு ஒன்றரை. கொசுத்தைலம் காட்டுப்பாதைகளுக்கு மட்டும். மேகம் கட்டி இடிக்கும் நேரம் பெரும்பாலும் பிற்பகல், அதனால் காட்டுக்கும் தடத்துக்கும் காலையே ஏற்றது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்னும் காலையிலும் ‘சுமத்ரா’ காற்றுமழை வந்து மோதுவதும் உண்டு. அது ஓரிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அப்படியான காலையில் மெக்ரிட்சித் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. அப்பர் தாம்சன் பக்கம் பிராட்டாக் கடையில் தே தாரிக் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். பாலம் எப்படியும் ஒன்பதுக்கு முன்னால் திறக்கப்போவதில்லை, சனி ஞாயிறென்றால் எட்டரை.