சினைக் குதிரை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் 1,40,000 ரூபாய் போய்விட்டது

ஐந்து மாதச் சினை என்று சொல்லி, வயிற்றில் ஒன்றுமே இல்லாத மட்டக்குதிரையை (உயரம் குறைந்த சின்னக் குதிரை) 1,40,000 ரூபாய்க்கு எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். கால்நடை வாங்க, விற்க இருக்கும் ஒரு கைப்பேசிச் செயலியில் வந்த விளம்பரம். விற்றவர் சொந்தமாகக் குதிரைப் பண்ணை வைத்திருப்பவர். புகார் கொடுத்திருப்பதால் இரண்டின் பெயரையும் இங்கே போடவில்லை. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்த கையோடு இந்த மாதிரி விளம்பரங்கள் வரிசையாக வரும். அதனால்தான் ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறோம்.

விளம்பரம் இதுதான்: தாய் 45 இஞ்ச் உயர மட்டக்குதிரை, சேர்த்தது 63 இஞ்ச் உயர மார்வாரி இன ஆண், குட்டி 60 இஞ்சுக்குக் குறையாது. கேட்கிறவனுக்கு ஆசை வரத்தான் செய்யும். மட்டத்துக்குத் தீனிச் செலவு குறைவு, இடமும் கொஞ்சம் போதும், குட்டி மட்டும் பெரிய குதிரை விலைக்குப் போகும் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு பொய். எங்களுக்கு வேண்டியிருந்தது நடுத்தர உயரத்தில் ஒரு குட்டி. 60 வராது என்று தெரிந்தேதான் போனோம். மட்டத்துக்கு மட்டும் என்றால் அந்தத் தொகையில் பாதிகூடக் கொடுத்திருக்க மாட்டோம். மீதியெல்லாம் வயிற்றில் இருப்பதாகச் சொன்ன குட்டிக்குக் கொடுத்த பணம்.

60 ஏன் வராது என்பதைச் சொல்லிவிடுகிறோம், இதை வைத்துத்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள். கேம்பிரிட்ஜில் விஞ்ஞானிகள் ஆர்தர் வால்டனும் ஜான் ஹாமண்டும் ஷயர் என்ற பாரவண்டிக் குதிரையையும் ஷெட்லாண்ட் மட்டத்தையும் இரண்டு பக்கமும் மாற்றிச் சேர்த்துப் பார்த்தார்கள். உடம்பளவில் அவ்வளவு வித்தியாசம் இருந்ததால் செயற்கைக் கருவூட்டல்தான் செய்தார்கள். 1938-இல் வெளியான முடிவு இது: ஷயர் தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடை. இரண்டிலும் ரத்தம் பாதிக்குப் பாதிதான். ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்தது, தகப்பன் ஷயராக இருந்தும், சுத்த ஷெட்லாண்ட் குட்டி அளவுக்குத்தான் இருந்தது. வளர்ந்த பிறகும் அந்த இடைவெளி முழுசாக மூடவில்லை. குதிரையின் நஞ்சுக்கொடி கருப்பையின் உள்சுவர் முழுக்க ஒட்டிப் பரவுவது. சுவர் சின்னதாக இருந்தால் ஒட்டும் பரப்பும் சின்னது, குட்டிக்குப் போகிற சத்தும் அந்த அளவுக்குத்தான். 45-க்கும் 63-க்கும் நடு 54. மட்டத்தின் வயிறு அதையும் கீழே இழுக்கும். 60 என்று ஒருவர் எழுதுகிறார் என்றால் அவருக்குத் தொழில் தெரியாது, இல்லாவிட்டால் தெரிந்தே பொய் சொல்கிறார்.

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்கள். ஆண் குதிரை பொய்யில்லை. பிடரி முடி முடிகிற தோள் மேட்டில் அளவுக்கோலை வைத்து எங்கள் முன்னாலேயே அளந்தார், 63 இருந்தது. சேர்க்கைத் தேதி எழுதிய நோட்டைக் காட்டினார். கருப்பு வெள்ளையில் ஒரு ஸ்கேன் படம் கொடுத்தார். நம்ம டாக்டரை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டோம். உடனே குதிரையின் கழுத்தைத் தடவியபடி, "அண்ணா, சின்ன உடம்பு. இப்பக் கைய உள்ள விட்டா கலைஞ்சிரும். எனக்குப் பணம் பெருசில்ல, தாயும் புள்ளையும் நல்லாருக்கணும்" என்றார்.

அந்தச் சொல்லில்தான் விழுந்தோம், அதில் பாதி உண்மை இருந்தது. மட்டத்துக்கு ஆசனவாய் குறுகல், பெரிய கை வைத்திருக்கும் டாக்டர் உள்ளே விட்டால் குடல் கிழியலாம், அது நிஜமான ஆபத்து. அவர் வாயைத் திறக்காத மறுபாதி: ஐந்து மாதத்தில் கையை உள்ளே விடவே வேண்டியதில்லை. மடிக்கு முன்னால் அடிவயிற்று முடியை மழித்து, ஜெல் தடவி, வெளியிலிருந்தே குட்டியைப் பார்க்கலாம். அட்வான்ஸ் 10,000 கைப்பேசியில், மீதி 1,30,000 கையில். எண்ணி வாங்கிக்கொண்டார்.

கொட்டிலுக்கு வந்த சில நாளில் பக்கத்து ஆண் குதிரையைக் கண்டதும் வாலைத் தூக்கி நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விட்டு இதழ்களைத் திறந்து மூடினாள். சினைக் குதிரை பொதுவாக இப்படி நிற்காது. டாக்டர் வந்து அடிவயிற்றில் ஸ்கேன் வைத்தார், குட்டி இல்லை. ஸ்கேன் கருவியின் சின்ன புரோபை ஒரு பிளாஸ்டிக் கம்பியில் கட்டி, கையை விடாமல் ஆசனவாய் வழியாகவும் பார்த்தார். கருப்பை காலி, உள்ளே கொஞ்சம் நீர் தேங்கியிருந்தது. யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியைப் போட்டுப் பார்த்தால் கருப்பை வாய்க்குப் பக்கத்தில், யோனியின் மேல் சுவரில், ஆறிப்போன கிழிசல். வெளுத்த தழும்பு, விரல் நீளம்.

45 இஞ்ச் பெட்டை மேல் 63 இஞ்ச் ஆணைத் தடுப்பில்லாமல் ஏறவிட்டதன் அடையாளம் அது. உயரம் இவ்வளவு வித்தியாசப்பட்டால் கருவூட்டல்தான் சரி. நேராகத்தான் சேர்க்க வேண்டும் என்றால், ஆண் ஏறும்போது அதன் அடிவயிற்றுக்கும் பெட்டையின் பின்புறத்துக்கும் நடுவில், குறிக்கு மேலாக, 10 முதல் 15 சென்டிமீட்டர் தடிமனில் பஞ்சு வைத்துத் தைத்த உருளையைச் செருகிப் பிடிக்க வேண்டும். முழுசாக உள்ளே போகவிடாது. அதைக்கூடச் செய்யாமல் பண்ணை நடத்துகிறார்.

அந்த ஸ்கேன் படத்தை டாக்டர் பார்த்தவுடனே கேட்டார், இதையா ஐந்து மாதம் என்றார்கள் என்று. படத்தில் இருந்தது வட்டமான ஒரே ஒரு கருப்பு உருண்டை. சேர்ந்து 14 முதல் 16 நாளில், ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் கரு அப்படித் தெரியும். ஐந்து மாதத்தில் விலா எலும்பு தெரியும், இதயம் அடிப்பது தெரியும். படத்தின் ஓரத்தில் தேதியும் அளவுக்கோடும் இருக்க வேண்டிய இடம் கத்தரிக்கப்பட்டிருந்தது. எந்தக் குதிரையின் படமோ.

போன் போட்டோம். பணம் கைமாறும்வரை "அண்ணா", இப்போது "சார்". முதலில், வண்டியில் ஏற்றி இறக்கியதில் கலைந்திருக்கும் என்றார். ஐந்து மாதக் கரு கலைந்தால் ஏறத்தாழ ஒரு அடி நீளக் குட்டியும் நஞ்சும் கொட்டிலில் விழுந்து கிடக்குமே என்றோம். அடுத்து, உள்ளேயே கரைந்திருக்கும் என்றார். கரைவதெல்லாம் முதல் சில வாரத்தில், எலும்பு வந்த பிறகு கரையாது. அதற்கடுத்து, உங்கள் டாக்டருக்குக் குதிரை தெரியாது என்றார். கடைசியில் சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: கொண்டு வாருங்கள், இலவசமாக இன்னொரு முறை அதே ஆணைப் போட்டுத் தருகிறேன். கிழிந்து ஆறிய இடத்தில் மறுபடி கிழிந்தால் வயிற்று அறைவரை ஓட்டை விழும், கிருமி உள்ளே போய்க் குதிரை ஒரு சில நாளில் செத்தே போகலாம். 1,40,000 ரூபாய் வாங்கியவர் அந்த வாயில்லா ஜீவனுக்கு வைக்கிற விலை இது.

செயலிக்காரர்கள் எங்கள் புகாருக்கு அனுப்பியது தானியங்கிப் பதில். வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் வேலை, விற்பனைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று. திரும்ப எழுதினால் அதே பதில், அதே எழுத்துப்பிழையோடு. காவல் நிலையத்தில், நேரில் பார்த்துக் கையில் பணம் கொடுத்திருக்கிறீர்கள், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். 1,40,000 ரூபாய் யாரிடம் கேட்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. பெட்டைக்குக் கருப்பை கழுவும் வைத்தியம் நடக்கிறது, செலவு தனி.

விவரமாக எழுத நினைத்தோம், இப்போதைக்கு முடிந்த அளவு.

மூன்று மாதத்துக்கு மேல் சினை என்றால் உங்கள் டாக்டர், உங்கள் கண் முன்னால், அடிவயிற்று ஸ்கேன். கலைந்துவிடும் என்று மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்ற சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். 35 நாளுக்குப் பிறகு கரு செத்தாலும் கருப்பையின் உள்சுவரில் உருவான கிண்ணம் போன்ற திசுக்கள் 120 நாள்வரை ஹார்மோன் சுரக்கலாம், வயிறு காலியாக இருந்தும் பாசிட்டிவ் வரும்.

உயரம் கலக்க ஆசைப்பட்டால் தாய் பெரிது, தகப்பன் சின்னது. பெட்டையைப் பள்ளத்தில் நிறுத்தினால் மட்ட ஆண் ஏறிவிடும், கிழியாது, வயிற்றிலும் இடமிருக்கும்.

மட்டப் பெட்டை பெரிய ஆணுக்குச் சினையாகி உங்களிடம் வந்துவிட்டதா, 320 நாள் தாண்டியதும் டாக்டர் நம்பர் கையில் இருக்கட்டும். பனிக்குடம் உடைந்து 20 நிமிடத்தில் இரண்டு முன்னங்காலும் மூக்கும் வெளியே தெரியாவிட்டால் கூப்பிடுங்கள். குட்டி வருவதற்கு முன்னால் சிவப்பு வெல்வெட் மாதிரிப் பை வெளியே வந்தால் டாக்டருக்குக் காத்திருக்காமல் உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுங்கள்.

பணம் முழுக்க வங்கி வழியாகவே கொடுங்கள். சினை மாதம், ஆணின் அடையாளம், சினை இல்லையென்றால் எவ்வளவு திருப்பித் தருவார் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

புதுக்குதிரை எதுவானாலும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான சோதனை முடியும்வரை தனிக்கொட்டில், தனித் தொட்டி. அரசு கால்நடை மருத்துவமனையில் சொன்னால் ரத்த மாதிரி எடுத்து ஹிசாரில் இருக்கும் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்ப வழி சொல்வார்கள். மனிதனுக்கும் தொற்றுகிற நோய் அது. எங்களுக்கு விற்றவர் அந்தச் சீட்டையும் கொடுக்கவில்லை.